மலையேறிய தமிழனுக்குச் சோறு எங்கே?

பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கெல்லையில், வெள்ளாற்றின் தென்கரையை ஒட்டி அமைந்துள்ளது இலப்பைக்குடிக்காடு. மொழிக்கு முதலில் வாராத எழுத்தை முதலில் நிறுத்தி 'லப்பைக்குடிக்காடு' என்று எழுதுவோர் எழுதிக்கொண்டிருப்பினும், 'குடிக்காடு' என்னும் பின்மொழி அவ்வூரின் பிறப்பைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றது. காடு திருத்திக் குடியமர்ந்த இடமே குடிக்காடு. பெரம்பலூர், அரியலூர், கடலூர், தஞ்சை மாவட்டங்களில் இவ்வீறு பெற்ற ஊர்கள் பல உள.

இவ்வூரில் மிகுதியாக வாழ்வோர் இசுலாமியத் தமிழர். மேடைதோறும் தமிழ் தமிழ் என்று முழங்குவோர் பலர் வீட்டில் இல்லாத தமிழ், இவர்கள்தம் அடுக்களையில் உண்டு. காலையில் இவர்கள் 'டிபன்' தின்பதில்லை; பசியாறுகின்றனர். நண்பகலில் உண்பது 'சாதம்' அன்று, சோறு. அச்சோற்றில் ஊற்றிக்கொள்வது ஆணம். குழம்பு என்று பொருள்படும் இவ்வருஞ்சொல்லைப் பிறரெல்லாம் அகராதியில் தேடிக்கொண்டிருக்க, இவர்கள் நாள்தோறும் கிண்ணத்தில் வைத்திருக்கின்றனர். பூசை, விரதம், பண்டிகை என்று பிறமொழிச் சொல் மூன்றையும் சுமந்து திரிவோர் நடுவே, அரபு மொழியில் மறை ஓதும் இம்மக்கள் தொழுகை, நோன்பு, பெருநாள் என்று தூய தமிழில் பேசுகின்றனர். தனித்தமிழ் பேச இயலுமா என்று ஐயுறுவோர் இவ்வூரில் ஒருநாள் விருந்துண்டு பார்த்தால் போதும்.

இத்தகைய வீட்டைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, கோடை விடுமுறையில் மலைக்குப் புறப்படுகின்றது என்று வைத்துக்கொள்க. மேற்கே கண்ணுக்கு எட்டுவது பச்சைமலை. அதற்கும் மேற்கே கொல்லிமலை. பிள்ளைகள் கொல்லிமலையையே கேட்பர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன அல்லவா? வளைவுக்கு வளைவு எண்ணிக்கொண்டு ஏறி, வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேட்டில் இறங்கும்போது அனைவர்க்கும் நல்ல பசி. எங்கே உண்பது?

கடைகள் உள்ளன. பலகைகளும் உள்ளன. 'மீல்சு ரெடி' என்கின்றது ஒரு பலகை. 'மெசு' என்கின்றது இன்னொன்று. 'பிரைடு ரைசு, நூடுல்சு, சில்லி சிக்கன்' என்று அடுக்குகின்றது மூன்றாவது. வீட்டில் 'சோறு போடுங்கள்' என்று கேட்ட அதே வாய், அங்கே பலகையைப் பார்த்துவிட்டு 'நாலு மீல்சு, ஒரு பிரைடு ரைசு' என்கின்றது. 70 வளைவுகளில் எந்த வளைவில் அந்தச் சோறு கீழே விழுந்தது?

கடைக்காரன் தமிழன். சமைப்பவன் தமிழன். பரிமாறுபவன் தமிழன். உண்ண வந்தவனும் தமிழன். நால்வருக்கும் இடையில் நின்று பேசுவது மட்டும் ஆங்கிலம். வெள்ளைக்காரன் எவனும் வந்து அந்தப் பலகையை எழுதிவைக்கவில்லை; எழுதாவிட்டால் கொல்வேன் என்று மிரட்டவும் இல்லை. 'சோறு' என்று எழுதினால் கடை தாழ்ந்துபோகும் என்று கடைக்காரன் எண்ணுகின்றான். 'சோறு' என்று கேட்டால் தான் தாழ்ந்துபோவோம் என்று உண்பவன் எண்ணுகின்றான். ஒருவர்க்கொருவர் அஞ்சி இருவரும் அடிமைகளாயினர். இதனினும் நகைப்புக்குரிய அடிமைத்தனம் வேறு எந்நாட்டிலும் இராது.

சோற்றுக்கு நேர்ந்த இழிவு நேற்று நேர்ந்ததன்று. முதலில் வடமொழி வந்து 'சாதம்' என்றது. கோயிலிலும் திருமணத்திலும் மேற்குடியார் பந்தியிலும் சாதம் ஏறி அமர்ந்தது. சோறு பண்ணையாளின் கலயத்துக்கு இறங்கியது. பின்னர் ஆங்கிலம் வந்து சாதத்தையும் தள்ளிவிட்டு 'ரைசு' என்றது. இன்று 'தயிர்ச் சோறு' என்றால் முகஞ்சுளிப்பவன் 'கர்டு ரைசு' என்றால் கைநீட்டுகின்றான். பொருள் ஒன்றே, பானையும் ஒன்றே. மாறியது பெயர் அன்று, உண்பவனின் முதுகெலும்பு.

சொல் போனால் போகட்டும், சோறாவது கிடைக்கின்றதே என்று அமைதி கூறுவாரும் உளர். அவர்கள் அந்தக் கொல்லிமலையையே சற்று உற்றுப் பார்க்கட்டும்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர்க்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர் மலையாளி. சேரநாட்டாரோடு இதனைக் குழப்பிக்கொள்வது நகரத்தார் அறியாமை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வழிவழிச் செய்தி. சாமை, தினை, கேழ்வரகு, வரகு ஆகியவையே அவர்கள் பயிரிட்டு உண்ட கூலங்கள். செம்மேட்டுக்கு அருகில் சந்தை கூடும் ஊருக்குச் சோளக்காடு என்றே பெயர். ஊர்ப்பெயரில் கூலம் இருக்கின்றது. உணவகத்தின் உண்டிப்பட்டியலில் மட்டும் அது இல்லை.

ஏன் இல்லை? சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை வாங்கத் தொடங்கிய பின்னர், மலைமேல் சாமை விளைந்த சரிவெல்லாம் மரவள்ளி ஏறிற்று. மரவள்ளிக்குக் கையில் உடனே பணம் வரும். சாமைக்கு வாங்குவார் இல்லை. அன்றியும் சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. பெண்கள் உரலில் இட்டு நெடுநேரம் குத்திப் புடைத்தல் வேண்டும். நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வந்தது, சாமைக்கு வரவில்லை. நியாயவிலைக் கடையில் அரிசி வந்ததும் பெண்கள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தனர். அவர்களைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை. 1990களிலிருந்து எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையில் பழைய விதைகளைத் திரட்டியும், உமி நீக்கும் பொறிகளை ஊர்களில் அமைத்தும், பெண்கள் குழுக்களைக் கூட்டியும் ஓரளவு அவற்றைக் காத்துள்ளது. இப்போது அக்குழுக்கள் சாமையரிசியும் தினைமாவும் பொதிந்து விற்கின்றன. சுற்றுலா வந்தவர் அப்பொதியில் ஒன்றை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கடையில் போய்ப் 'பிரைடு ரைசு' தின்கின்றார். பொதி வீட்டுக்கு வந்து அலமாரியில் வண்டு பிடிக்கும்.

கீழே இலப்பைக்குடிக்காட்டைச் சுற்றியுள்ள நிலமும் தப்பவில்லை. பெரம்பலூர், அரியலூர்க் கரிசல் புன்செய்களும், ஆற்றுக்கு வடக்கே தொழுதூர், திட்டக்குடிப் பக்கமும் வரகு விளைந்த மண். இன்று பெரம்பலூர்ப் புன்செய்களில் பெரிதும் நிற்பது மக்காச்சோளம். அது மாந்தர் வாய்க்குச் செல்வதன்று; நாமக்கல் கோழிப் பண்ணைகட்குத் தீனியாகச் செல்வது. தன் வரகு நிலத்தில் கோழித்தீனி விளைவித்தவன், நாமக்கல் மாவட்டத்து மலைமேல் ஏறி, அந்தக் கோழியையே 'சில்லி சிக்கன்' என்ற பெயரில் விலைகொடுத்துத் தின்றுவிட்டு, 'மலைக்காற்று பசியைக் கிளப்பிவிட்டது' என்று மகிழ்கின்றான்!

மலைவழியில் எங்கே உண்பது என்னும் வினா, தமிழர்க்குப் புதிதும் அன்று. இவ்வினாவுக்கு விடையாக ஒரு முழு நூலையே யாத்தவர் தமிழர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் அது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வரும் வறிய கூத்தர்க்கு வழி கூறுகின்றான். அச்செங்கண்மாவே இற்றைத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம்.

எவ்வளவு நுட்பமான வழிகாட்டு நூல் அது! எங்கே குழி, எங்கே பாம்பு, தினைப்புனம் காப்போர் விடும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எவ்விடத்தில் பாறை வழுக்கும் என்பதெல்லாம் கூறியபின், எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் ஊர்வாரியாகக் கூறுகின்றது. மலைச் சிற்றூரில் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும். மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும் உண்டு (விலக்குவார் விலக்குக). மூங்கில் அரிசியும் அவரை விதையும் புளியும் கூட்டிய கூழ் ஓரிடத்தில். ஆயர் குடியில் பால். மருதநிலத்துக்கு இறங்கினால் வெண்சோறும் மீனும். அந்தந்த நிலத்தில் விளைந்ததே அந்தந்த நிலத்து உணவு. மலையில் போய் மருதநிலத்து உணவைக் கேள் என்று எந்தப் புலவனும் கூறவில்லை.

உண்ணச் செல்பவன் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் அப்பாட்டு சொல்கின்றது. சொந்த வீட்டுக்குள் செல்வதுபோல் தயங்காமல் செல்க. அவர்களும் உறவினரைப்போலவே இன்சொல் கூறி உணவிடுவர் என்பது அதன் கருத்து. அங்கே குறவனும் கூத்தனும் ஒருவரையொருவர் முன்பின் கண்டதில்லை. இருவர்க்கும் இருந்த ஒரே உறவு தமிழ்.

உ. வே. சாமிநாதர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றினார். அதன்பின்னும் தமிழ்நாட்டின் சுற்றுலாக் கையேட்டை எழுதுபவன் அதனைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய மட்டும் அந்நூல் போலும்.

இனி உதகைக்கு வருக. 1819இல் கோவை மாவட்டத் தண்டலர் சான் சல்லிவன் நீலமலைக்கு ஏறி வந்தான். உருளைக்கிழங்கு முதலிய தன் நாட்டுக் காய்கறிகளை அம்மண்ணில் பயிரிடச் செய்தான். பின்னாளில் சென்னை அரசின் கோடைத் தலைநகரமே அங்குப் பெயர்ந்தது. தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' என்னும் சொல்லோடு கூடிய பெயர் ஆங்கிலேயன் நாவில் சிதைந்து, கடைசியில் 'ஊட்டி' என்று குறுகிப்போயிற்று. ஆங்கிலேயன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், உதகை என்று சொல்லத் தமிழனுக்கு நா எழவில்லை. படகரும் கோத்தரும் பயிரிட்டு உண்ட சாமையும் கேழ்வரகும் இன்று அந்நகர உணவகங்களில் எங்கேனும் அருகித்தான் கிடைக்கும். வடநாட்டுப் பயணிக்கு வடநாட்டு ரொட்டி அங்கே கிடைக்கின்றது. தவறில்லை, அவன் கேட்கின்றான், கிடைக்கின்றது. தமிழன் கேட்கவில்லை, கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அந்த ஆங்கிலேயன் நம்மவனினும் நாணயமானவன் என்றே சொல்லவேண்டும். தமிழ்ச் சமையற்காரன் வைத்துக்கொடுத்த மிளகுத்தண்ணீரைக் குடித்துச் சுவைகண்டவன், அதற்குத் தன் மொழியில் பெயர் இட்டுக்கொள்ளாமல், 'மல்லிகட்டானி' என்று நாக்குழற அதே பெயரைச் சொன்னான். அச்சொல் இன்றும் ஆங்கில அகராதியில் இருக்கின்றது. கறி என்பதும் அவ்வாறே போய் உலகைச் சுற்றி வருகின்றது. அவன் தமிழ் உணவைத் தமிழ்ப் பெயரால் அழைத்தான். தமிழன் அதே மிளகுசாற்றை 'பெப்பர் சூப்பு' என்கின்றான்.

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த நெறிமுறைகள், பெயர்ப்பலகையில் தமிழே முதலில் நிற்கவேண்டும் என்கின்றன. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்று இட அளவும் சொல்லப்பட்டுள்ளது. ஆனால், சட்டம் கேட்பது எழுத்தை, மொழியை அன்று. 'மீல்சு ரெடி' என்று தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிவிட்டால் சட்டம் வாயடைத்துப் போகும். பிணத்துக்குப் பட்டாடை உடுத்தி மணமேடையில் உட்காரவைத்த கதை இது.

சட்டம் இயற்றிய அரசு தன் சொந்தக் கடைக்கு என்ன பெயர் வைத்தது என்று பார்த்தால் வயிறு எரியும். இந்நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டவேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக, 1956இல் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்தார் சங்கரலிங்கனார். 1969இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. 1971இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. அக்கழகம் உதகையிலும் கோடைக்கானலிலும் ஏற்காட்டிலும் அமைத்த விடுதிகட்கு இட்ட பெயர் 'ஓட்டல் தமிழ்நாடு'! ஒருவர் உண்ணாமல் கிடந்து செத்துப் பெற்றுத்தந்த பெயரை, உண்ணும் இடத்தின் வாயிலில், ஆங்கிலச் சொல் ஒன்றன் வாலாகக் கட்டிவிட்டார்கள். உணவகம் என்றோ, உண்டிச்சாலை என்றோ, விருந்தகம் என்றோ எழுதினால் எந்த அமைச்சரின் நாற்காலி ஆட்டம் கண்டிருக்கும்?

இலப்பைக்குடிக்காட்டார் பலர் அரபு நாடுகளுக்குச் சென்று உழைப்பவர்கள். துபாயிலோ சவுதியிலோ குவைத்திலோ கடைத்தெருவில் நடந்தால் அரபு எழுத்தில்லாத பலகையைக் காண்பது அரிது. வெளிநாட்டார் எத்துணைப் பெருந்தொகையினராக இருப்பினும், அங்கே பலகையில் அந்நாட்டு மொழி இருந்தே தீரவேண்டும். அதனால் அங்கே வணிகம் படுத்துவிடவில்லை. உலகத்தார் அனைவரும் அங்கேதான் போய் விற்கின்றனர். இதனைக் கண்ணாரக் கண்டு வந்தவர், தம் நாட்டு மலையில் தம் மொழியைக் காணாதபோது கேட்கவேண்டாவா? கடைக்காரனிடம் சண்டையிடச் சொல்லவில்லை. 'அண்ணே, சோறு இருக்கிறதா?' என்று வாய்திறந்து கேட்டால் போதும். இருக்கிறது என்றுதான் சொல்வான். இல்லையென்று சொன்ன கடைக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

'மலையில் தினைச்சோறும் சாமைச்சோறும் கேட்டால் எவன் சமைப்பான்? விற்காத பண்டத்தை அடுப்பில் ஏற்றுவதற்கு அவன் அறச்சாலையா நடத்துகிறான்?' என்பது எதிர்வாதம். இதற்கு விடை கொல்லிமலைச் சாலையோரத்திலேயே நிற்கின்றது. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் முடவாட்டுக்கால் கிழங்கு மலைமக்கள் மருந்தாகக் கொண்ட பொருள். ஆட்டுக்கால் போல் மயிரடர்ந்து தோன்றுவது. முட்டுவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டுச் சுற்றுலா வந்தோர் கேட்கத் தொடங்கினர். இன்று அருவிக்குச் செல்லும் வழியிலும், காட்சிமுனையிலும், கோயில் வாயிலிலும் அதன் சாறு கொதிக்கின்றது. கேட்டதனால் வந்தது. (பலகையில் 'சூப்பு' என்று இருப்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சாறு என்னும் இரண்டெழுத்துச் சொல் அந்தக் கிழங்கைவிட முடமாகிப் போயிற்று.) முடவாட்டுக்காலுக்கு நிகழ்ந்தது சாமைக்கு ஏன் நிகழாது?

அரசுக்கே இது தெரிந்துவிட்டது. ஒன்றிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுகூலங்களின் ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நீலமலை, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ஆக, நீலமலைக் குடிமகன் வீட்டில் களி கிண்டலாம். நீலமலைக்கு வந்த விருந்தினனுக்குத் 'தந்தூரி'. மலைக்கு நெல்லையும் கோதுமையையும் வண்டியேற்றி அனுப்பிவிட்டு, அங்கே விளைந்ததை மூட்டைகட்டிக் கீழே நகரத்துப் பேரங்காடியில் 'மில்லட்டு' என்று மும்மடங்கு விலைக்கு விற்பதற்குப் பெயர் வளர்ச்சி.

பெயரை மாற்றினால் உரிமை மாறும் என்பதை இலப்பைக்குடிக்காட்டார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாற்றுக்குக் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கத்து நீரைத் தம்மம்பட்டி வழியாகக் கொண்டுவரும் கிளையாற்றுக்குச் 'சுவேதநதி' என்று பெயர். சுவேதம் என்றால் வடமொழியில் வெள்ளை; நதி என்றால் ஆறு. கீழே வெள்ளாறு என்று தமிழில் ஓடும் நீர், மேலே அதே பொருளில் வடமொழியில் ஓடுகின்றது. மலையிலிருந்து வருவது ஒரே தண்ணீர்தான்; வழியில் எவனோ பெயரை மட்டும் மாற்றியிருக்கின்றான். ஆற்றை மாற்றியவர்கட்கு ஆணத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படியானால் மலைக்குச் செல்லும் தமிழன் எங்கேதான் உண்பது? மலைபடுகடாம் சொன்ன வழியே இன்றும் வழி. பலகை மாட்டிய கடையை விட்டுச் சிற்றூருக்குள் செல்லவேண்டும். கொல்லிமலையிலும் பச்சைமலையிலும், சாமைக்குப் பெயர்பெற்ற சவ்வாது மலையிலும், கூலம் விற்கும் பெண்கள் குழுக்கள் உள்ளன. அவர்களிடம் அரிசிப் பொதி மட்டும் வாங்கி வராமல், சமைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். நாலு பேருக்குச் சாமைச்சோறு, அவரைக் குழம்பு, கீரை மசியல், கேழ்வரகுக் களி. ஊனுண்போர் நாட்டுக்கோழியும் கேட்கலாம். உறவினர் வீட்டில் உண்பதுபோல் உண்டு, அயலார் கடையில் கொடுப்பதுபோல் முழுப்பணம் கொடுத்துவிட வேண்டும். மலைமக்கள் விருந்தோம்புவர் என்பதற்காகக் கையை வீசிக்கொண்டு வருவது நகரத்தார்க்கு வழக்கமாகிவிட்ட இழிசெயல்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். காரவள்ளியில் வண்டியை நிறுத்திவிட்டு, 'இதோ ஏறி வருகிறோம், சாமைச்சோறு ஆக்கி வையுங்கள்' என்று தொலைபேசியில் சொன்னால் நடவாது. 70 வளைவும் ஏறி முடிப்பதற்குள் 'பிரைடு ரைசு' வெந்துவிடும், சாமை வேகாது. பொறி இல்லாத ஊரில் அதை இன்னும் உரலில்தான் குத்தவேண்டும். முதல்நாளே சொல்லிவிட வேண்டும்.